பெயரை யாரிடம் கொடுப்பது

மனித உரிமை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முறைப்பாடு எழுதுவது எப்படி, எந்தச் சபையின் கதவை எப்போது தட்டுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். அதனால் நான் ஒரேயொரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரு மனிதரின் பெயர் உங்கள் கைக்கு வரும். அதை யாரிடம் கொடுப்பது, யாரிடம் கொடுக்காமல் வைத்திருப்பது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்காது.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ரீற்றா, மன்னார்க்காரி. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவள். சம்பளம் அங்கே, மற்ற நேரமெல்லாம் எங்கள் மனித உரிமைக் குழுவுக்கு. குழு என்றதும் அலுவலகம், பெயர்ப்பலகை என்று கற்பனை செய்யாதீர்கள். மாதா கோவிலின் பின்மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்தபிறகு, தேத்தண்ணிக் கேத்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான். அந்த மேசையில் இருந்துகொண்டுதான் இந்த நாட்டின் வெளிநாட்டு அமைச்சைத் தொலைபேசியை எடுக்க வைத்தோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். நிமிரட்டும்.

இலங்கையில் போர் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. வன்னியில் சனம் கடற்கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போனது. இங்கே நாங்கள் பதாகையும் மெழுகுதிரியுமாகத் தெருவில் நின்றோம். அந்தக் குளிரில் நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். தெருவில் நின்றால் மட்டும் போதாது, ஆட்சியில் இருப்பவர்களோடு கதைக்கவும் வேண்டும் என்று எனக்குப் பட்டது. பாராளுமன்றத்தில் வெளிநாட்டு விவகாரம் பார்க்கிற ஒரு பெண் உறுப்பினரிடம் விடாமல் நேரம் கேட்டுக் கேட்டு, கடைசியில் கால்மணி நேரம் வாங்கினேன்.

மூன்று பேர் போனோம். நான், கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருந்து ஜெயந்தி, எங்கள் குழுவின் தலைவர் சின்னத்துரை மாஸ்ரர். மாஸ்ரர் ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். ஹோர்சன்ஸில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் கோட்டும் சூட்டும் போட்டு வந்தால் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்பவர்களுக்கே அடையாளம் தெரியாது. எங்கள் ஆட்கள் யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகமாட்டார்கள், தெரியும்தானே. ஜெயந்தி ஒரு பெட்டி நிறைய மட்டன் றோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தாள். பாராளுமன்ற வாசலில் அதையும் சோதனை இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தார்கள். திரையில் றோல்ஸைப் பார்த்த காவலர் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

கதைக்கும் பொறுப்பு மாஸ்ரருடையது. அவர் எழுந்து நின்று பண்டைய அரசர்களில் இருந்து தொடங்கினார். பாடப்புத்தக டேனிஷ், பிழையே இல்லை. போர்த்துக்கீசர் வந்தார்கள், போனார்கள். ஒல்லாந்தர் வந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டையைக் கட்டி முடிக்கமுன் எங்கள் நேரம் முடிந்துவிட்டது.

சிரிக்காதீர்கள், இது எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. தன் துன்பத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயம் உள்ளவன் ஆதியில் இருந்துதான் தொடங்குவான். நீங்கள் இன்று சிரியாக்காரரோடும் சூடான்காரரோடும் வேலை செய்கிறீர்கள், அவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள். அவசரப்படுத்தாமல் முழுவதையும் கேளுங்கள். ஆனால் அதை இன்னொருவர் மேசைக்குக் கொண்டுபோகும்போது இன்று காலை நடந்ததில் இருந்து தொடங்குங்கள்.

அந்த உறுப்பினர் மரியாதையான மனுஷி. மணிக்கூட்டைப் பார்க்காமலே கேட்டார்: "நாளைக் காலையில் நான் இந்த மேசைக்கு வந்து உட்காருவேன். அப்போது நான் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்லுங்கள்."

"போரை நிறுத்துங்கள்" என்றோம் மூவரும் ஒரே குரலில்.

"அதை நானும் விரும்புகிறேன். ஆனால் அது என் கைக்கு எட்டாது. எட்டக்கூடிய ஒன்றோடு வாருங்கள். உங்களுக்கு இந்தக் கதவு திறக்கும்."

ரயிலில் திரும்பும்போது மாஸ்ரர் கொதித்துக்கொண்டிருந்தார். "சனம் அங்க செத்துக்கொண்டிருக்கு, அவவுக்குச் செய்யிறதுக்கு ஒரு வேலை வேணுமாம்!" என்றார். எனக்கும் கோபம்தான். ஆனால் ஃபியூன் தீவைத் தாண்டும்போது கோபம் இறங்கி, அந்தக் கேள்வி மட்டும் மனதில் நின்றது. கைக்கு எட்டக்கூடிய ஒன்று என்ன? அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

இனி ஜெயந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு சிறுவர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்தாள். அவளுடைய அக்கா வன்னியில் நேர்ஸ். ஒரு பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியாக மாற்றி, பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளில் காயக்காரரைக் கிடத்தி வைத்தியம் பார்த்த இடத்தில் கடைசிவரை நின்றவர். லைன் கிடைக்கும்போதெல்லாம் தங்கைக்கு எடுத்து, அன்று நடந்ததைச் சொல்வார். ஜெயந்தி உடனே எனக்கு எடுப்பாள். நான் அதை டேனிஷில் எழுதி அமைச்சுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவேன். சொன்னது யார் என்று ஒருபோதும் எழுதியதில்லை.

நேர்ஸ் அக்காவிடம் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி ஜெயந்திக்கு ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்திருந்தேன்: "நீங்கள் கண்டதோ, கேட்டதோ?" குண்டு விழுகிற இடத்தில் நிற்கிறவரிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு கொடுமை! வேறு யாரும் என்றால் போனை வைத்திருப்பார்கள். அவர் ஒருநாளும் கோபிக்கவில்லை. "ரெண்டு பேரைக் கண்டனான். மற்றாக்களைப் பற்றிக் கேட்டதுதான், எழுதாதேங்கோ" என்பார். அதனால்தான் அமைச்சில் இருந்த ஒரு அதிகாரி பின்னர் என்னிடம், எங்களுக்கு வருகிற கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் படிப்போம் என்றார். அந்தப் பெருமையில் பாதிக்குமேல் நேர்ஸ் அக்காவுக்குச் சேரவேண்டியது.

பிறகு ஒரு நாள் லைன் செத்துப்போனது. அந்த வாரத்திலேயே போர் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

அந்த ஞாயிறு பூசைக்கு எள் போட்டால் விழாத சனம். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. பூசை முடிந்தும் யாரும் எழும்பவில்லை. அந்த அமைதியைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

சில நாளில் வவுனியாவில் இருக்கும் ஒரு உறவினர் மூலம் ஜெயந்திக்குச் செய்தி வந்தது. நேர்ஸ் அக்கா உயிரோடு இராணுவத்தின் பக்கம் வந்துவிட்டார். தண்ணீருக்குள்ளால் நடந்து வந்து வரிசையில் நின்றவரை ஊர்க்காரி ஒருத்தி கண்ணால் கண்டிருக்கிறாள். ஆனால் அங்கேயே அவரையும் வேறு சில பெண்களையும் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது. சனத்தை வைத்திருந்த முகாம்கள் எதிலும் அவரில்லை.

ஜெயந்தி டோஸ்ட்ருப்பில் இருந்து ஹோர்சன்ஸ் வரை ரயிலேறி வந்து, பின்மண்டபத்து மேசையில் இதைச் சொன்னாள். அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

எனக்கு அந்த இடத்தில்தான் பாராளுமன்ற உறுப்பினர் கேட்டதற்குப் பதில் கிடைத்தது. ஒரு ஆளைக் கண்டுபிடிக்கும்படி கேட்கலாம். இன்ன பெயர், இன்ன வயது, இன்ன இடத்தில் கடைசியாகக் கண்டது. இவர் எங்கே, வெளியார் ஒருவர் போய்ப் பார்க்க விடுங்கள் என்று ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்தைக் கேட்கலாம். இது கைக்கு எட்டும். அதை மேசையில் சொன்னேன்.

மாஸ்ரர் எழும்பிவிட்டார். "லட்சக்கணக்கில சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்கு. நாங்கள் ஒரு ஆளைக் கேக்கிறதோ? மற்றச் சனத்துக்கு ஆர் கேக்கிறது, ரீற்றா? நாளைக்கு அந்தச் சனம் எங்களைப் பாத்து என்ன கேக்கும்?"

அவர் கேட்டது நியாயம். அதைவிடப் பெரிய கேள்வியை ஜெயந்தியே கேட்டாள். "அக்கா வெளியில செய்தி சொன்னவ எண்டு அவைக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்தோட பதினொண்டா எங்கையாவது இருக்கலாம். நாங்கள் பேரைச் சொல்லி, அதால ஏதும் நடந்தால்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இப்படியான நேரத்தில் எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பிள்ளைகளே. அனுபவம் உள்ளவர் சரியானதைச் சொல்லிவிடுவார் என்று காத்திருப்பார்கள். எனக்குச் சரியானது எதுவென்று தெரியாது. எனக்குத் தெரிந்தது இரண்டு விஷயம்தான், இரண்டையும் சொன்னேன். பெயர் சொன்னால் ஆபத்து வரலாம். பெயர் சொல்லாவிட்டால், யாருமே தேடாத ஒரு ஆளை இல்லாமல் ஆக்குவது சுலபம்.

"அக்கா, நீங்களெண்டா என்ன செய்வியள்?" என்று ஜெயந்தி கேட்டாள்.

"அதை நான் சொல்லக்கூடாது, ஜெயந்தி. பேர் உன்ரை அக்காவின்ரை. அவவைக் கேக்க ஏலுமெண்டால் அவவைத்தான் கேட்டிருப்பன். அவவுக்கு அடுத்தது நீதான். நீ ஓம் எண்டால் கொண்டுபோறன். வேண்டாமெண்டால் இந்த மண்டபத்தை விட்டு வெளிய போகாது."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நானே தேடாட்டி வேற ஆர் தேடுறது? கொண்டுபோங்கோ அக்கா."

நீங்கள் எத்தனை பட்டம் பெற்றவர்களாக இருந்தாலும் சரி, அந்த "ஓம்" உங்களுடைய வாயில் இருந்து வரக்கூடாது. அதை ஞாபகம் வைத்திருங்கள்.

மறுநாள் காலை, முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். பைக்குள் தொலைபேசி அடித்தது. ஒரு பெரிய பத்திரிகையின் நிருபர். எங்கள் செய்திகளை அந்தக் காலம் முழுக்க வாங்கிப் போட்டவர், நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்குள் இருந்து செய்தி சொல்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அவர் எப்போதோ ஊகித்திருந்தார்.

"அவருக்கு என்ன நடந்தது? பெயரும் ஒரு படமும் தாருங்கள். நாளை முதற்பக்கம் தருகிறேன். சாயந்தரத்துக்குள் வேண்டும்."

முதற்பக்கம்! தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்திய எங்களுக்கு ஏழாம் பக்கத்தில் ஒரு மூலை கிடைத்தாலே வெட்டி ஒட்டி வைப்போம். நான் பின்னர் எடுப்பதாகச் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தோடு இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சாப்பிட்டுவிட்டேன், நீ போய்க் கதை என்றார். அவர் ஒரு கரண்டிதான் சாப்பிட்டிருந்தார்.

எப்படியோ விஷயம் குழுவில் இருந்த இளம் ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது. கௌதம் என்று ஒரு பிள்ளை, எந்திரவியல் படித்துக்கொண்டிருந்தவன், மிகவும் துடிப்பானவன். வேலை முடிந்து நான் வெளியே வர, சைக்கிளோடு வாசலில் நின்றான். "ஆன்ரி, இதைத்தானே நாங்கள் இவ்வளவு நாளும் கேட்டனாங்கள்! இப்ப விட்டால் எப்ப? அடுத்த கிழமை பேப்பர்காரர் வேற செய்திக்குப் போயிடுவினம்."

"தம்பி, பேப்பர்காரர் அவவை வச்சிருக்கிற இடத்துக்குள்ள போய்ப் பாப்பினமோ?"

"இல்லை. ஆனா முழு டென்மார்க்கும் வாசிக்கும்."

"டென்மார்க் மட்டுமே வாசிக்கும்? அவவைப் பிடிச்சு வச்சிருக்கிறவையும் வாசிப்பினம். ஆஸ்பத்திரிச் செய்தி சொன்ன நேர்ஸ் எண்டு தலைப்பு வரும். வெளியாள் ஒராள் அவவை உயிரோட கண்ணால காணும் வரைக்கும் பேப்பருக்குப் பேர் இல்லை."

"நீங்கள் பயப்பிடுறீங்கள்" என்றான்.

"ஓமடா, பயம்தான். அவவுக்காகப் பயம்."

அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கனகாலம் குழுப் பக்கம் வரவில்லை. நிருபரிடம் முடியாது என்று சொன்னேன். கௌதம் சொன்னது போலவே அடுத்த கிழமை பத்திரிகைகள் எங்களை மறந்துவிட்டன. எங்கள் ஆட்களிலும் பலர் என்னை முறைத்தார்கள். கோவில் வாசலில் ஒரு பெரியவர், உலகம் காதைத் தந்த நேரத்தில் வாயைப் பொத்தினவள் என்று என் காதுபடவே சொன்னார். நான் கேளாதவள் போலப் போனேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அது வேறு விஷயம்.

அந்த நேரத்தில் நான் நினைத்தது இதுதான். போய்ப் பார்க்கக்கூடியவரிடம் முதலில் பெயரைக் கொடு. சத்தம்போடக்கூடியவர் பிறகு. சத்தம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், எத்தனையோ பேரைச் சத்தம்தான் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத ஆளுக்குச் சத்தம் போட்டால், அது யார் தலையில் போய் விழும் என்றும் தெரியாது.

உறுப்பினரின் கதவு திறந்தது, வாக்குத் தவறவில்லை. இம்முறை மாஸ்ரரும் நானும் போனோம். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அதே கோட்டும் சூட்டுமாக ஸ்டேஷனில் நின்றார். "தலைவர் வராமல் நீர் தனியப் போறதோ?" என்று மட்டும் கேட்டார்.

நான்தான் கதைத்தேன். என் டேனிஷ் முதியோர் இல்லத்தில் படித்தது, யூலாந்துக் கிழவர்களிடம் காது வழியாக வந்தது. கொப்பன்ஹேகன்காரர் கேட்டால் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. பெயர், வயது, நேர்ஸ் வேலை, கடைசியாகக் கண்ட இடம், கண்ட ஆள் எப்படிக் கண்டாள் என்பது. ஆஸ்பத்திரிச் செய்தியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு தங்கை அக்காவைத் தேடுகிறாள். அக்கா எங்கே என்று உங்கள் அமைச்சர் தூதரகம் மூலம் கேட்க வேண்டும். பக்கம் சாராத ஒருவர் நேரில் போய் அவரைப் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் பேனாவை வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இப்போதைக்கு இவ்வளவுதான்" என்றேன்.

"இதை நாளைக் காலையில் செய்யலாம்" என்றார்.

நான் மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதைக்க வாயெடுப்பார், ஒல்லாந்தர் மீண்டும் கரையிறங்குவார் என்று உள்ளூரப் பயம். அவர் எழுந்து உறுப்பினருக்குக் கைகொடுத்து, "நன்றி, அம்மா" என்று தமிழில் சொன்னார். அவ்வளவுதான்.

ரயிலில் வயல்வெளியைப் பார்த்துக்கொண்டு வந்தவர், தானாகவே சொன்னார்: "பத்து வருசம் சரித்திரம் படிப்பிச்சனான், ரீற்றா. ராசாக்களை விட்டால் ஒரு தனி ஆளின்ரை பேரை ஒருநாளும் வகுப்பில சொன்னதில்லை." பிறகு கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு காத்திருப்பு. இந்தத் தொழிலில் காத்திருப்பதுதான் பெரிய வேலை, அதை ஒருவரும் படிப்பிக்கமாட்டார்கள். ஜெயந்தி ஒவ்வொரு நாளும் எடுப்பாள். "ஏதும் செய்தியோ?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "என்ன சமையல் அக்கா?" என்று கேட்கத் தொடங்கினாள். நானும் என்ன சமையல் என்று சொல்வேன். இருவரும் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். உள்ளுக்குள் எனக்கு ஒரே எண்ணம். பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஏதும் நடந்திருந்தால், ஜெயந்தியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஒரு மத்தியானம் உறுப்பினரின் உதவியாளர் எடுத்தாள். நான் முதியோர் இல்லத்தில் துணி மாற்றும் அறையில் நின்றேன். "உங்கள் நேர்ஸைக் கண்டுவிட்டார்கள்" என்றாள். அமைச்சு கேட்டு, தூதரகம் கேட்டு, முதலில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று பதில் வந்து, மீண்டும் அதே பெயரைக் கேட்டு, கடைசியில் வெளிநாட்டு நிவாரணப் பணியாளர் ஒருவர் உள்ளே போய் அவரை நேரில் கண்டு கதைத்திருக்கிறார். உயிரோடு இருக்கிறார். கையில் காயம், ஆறிவருகிறது. நான் அந்த அறையின் துவாய்க் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஜெயந்திக்கு எடுத்துச் சொன்னபோது, அவள் பின்னால் பிள்ளைகள் டேனிஷில் ஏதோ பாடிக்கொண்டிருந்த சத்தம்தான் கேட்டது. பாட்டு முடியும் வரை நானும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்படி ஒருவர் போய்ப் பார்த்த பிறகு நேர்ஸ் அக்காவைச் சனம் இருக்கிற பெரிய முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை நான் டோஸ்ட்ருப்பில் ஜெயந்தி வீட்டில் இருக்கும்போது அங்கிருந்து போன் வந்தது. யாருடைய கைத்தொலைபேசியையோ இரவல் வாங்கியிருந்தார். ஜெயந்தி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"ஆர் என்ரை பேரைக் குடுத்தது?" இதுதான் அவருடைய முதல் வார்த்தை.

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து போனுக்குள் சொன்னேன்: "நான்தான் தங்கச்சி, ரீற்றா. ஜெயந்தியைக் கேட்டுத்தான் குடுத்தனான்."

"நீங்களோ அந்தக் கேள்வி கேக்கிற அக்கா?" ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. பிறகு குரல் மாறியது. "அக்கா, அங்க எங்களை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. அண்டைக்கு அந்த வெள்ளைக்காரர் கதவடியில நிண்டு என்ரை முழுப் பேரையும் சொன்னவர். தப்புத்தப்பாத்தான் சொன்னவர். அங்க பொறுப்பா இருந்த பெரியவர் கதிரையை விட்டு எழும்பினவர். அண்டையில இருந்து எனக்கு அடி இல்லை."

ஜெயந்தி போனை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"ஆனா எனக்கு உங்களோட கோவம்" என்றார். "என்னோட இன்னும் பெட்டையள் இருந்தவை. அவையின்ரை பேரை ஏன் கேக்கேல்லை?"

"எங்களுக்குத் தெரியாதம்மா."

"அப்ப எழுதுங்கோ. சொல்லுறன். அவையே சொல்லித்தான் விட்டவை."

ஜெயந்தி பேனாவைத் தேடி ஓடினாள். மேசையில் கிடந்த சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். பெயர், தகப்பன் பெயர், ஊர். பெயர், தகப்பன் பெயர், ஊர். அவர் ஆஸ்பத்திரியில் மருந்தின் பெயர் சொல்வது போல நிதானமாகச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். கடைசிப் பெண்ணின் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் லைன் அறுந்தது. ஜெயந்தி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். அந்த நம்பர் பிறகு ஒருபோதும் வேலை செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தத் தாளை மேசையில் வைத்தேன். மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார். கடைசியில் வந்து நின்றார். "இது பாதிதான் கிடக்கு. இதை வச்சு என்னெண்டு கேக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். "பாதியோட கேப்பம்" என்றார் மாஸ்ரர். "இந்தப் பிள்ளையும் ஆரோ பெத்த பிள்ளைதானே."

நாங்கள் கேட்டோம். நேர்ஸ் அக்காவின் பெயர் ஒரு கதவைத் திறந்திருந்தது, அதே கதவால் மற்றப் பெயர்களும் போயின. எல்லோரும் கிடைத்தார்கள் என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. சிலரைப் பற்றி இன்றைக்கும் பதில் இல்லை, அவர்களுடைய தாய்மார் இன்றைக்கும் எனக்குப் போன் எடுக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அந்தப் பெயர்களை இனி நீங்கள் கேளுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கௌதம் ஒரு நாள் திரும்பி வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "அடுத்தது ஆருக்கு எழுதவேணும் ஆன்ரி?" என்று கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். அவன் இன்றைக்கும் உங்களோடு வேலை செய்கிறான்.

அந்தப் பாதிப் பெயர்க்காரி கிடைத்தாள். மூன்று தடவை இல்லை என்று பதில் வந்த பிறகு கிடைத்தாள். இப்போது எஸ்பியர்க்கில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். நத்தார்ப் பண்டிகைக்கு வந்து என் சமையலறையை ஒரு வழி பண்ணிவிட்டுப் போவாள். என் வாழ்க்கையில் நான் செய்த வேலை என்ன என்று யாராவது கேட்டால், அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவேன்.

ஜெயந்தி, மாஸ்ரர், கௌதம் மூவரையும் கேட்டுத்தான் இதில் அவர்களுடைய பெயரை எழுதினேன். நேர்ஸ் அக்கா முகாமில் இருந்து வெளியே வந்து இப்போது ஊரில் இருக்கிறார், அவர் வேண்டாம் என்றார். எஸ்பியர்க்காரியின் முழுப் பெயர் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், ஊரும் தெரியும், தகப்பன் பெயரும் தெரியும். போன கிழமை எடுத்து, எழுதட்டோ என்று கேட்டேன். யோசிச்சுச் சொல்லுறன் அக்கா என்றாள். இன்னும் சொல்லவில்லை.